ஒரு லட்சம் முகவரியும் ஒரு பொய்க்கணக்கும்

சிறுவணிகர்களுக்கென்று வரும் மாத இதழ் ஒன்றில், மெயில் அனுப்பி வியாபாரத்தைப் பெருக்குவது எப்படி என்று சென்ற மாதம் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் விளம்பரத் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர் என்கிறது அறிமுகக் குறிப்பு. அவர் காட்டும் வழியில் ஒரு கடைக்காரர் போனால் முதலில் கைக்காசு போகும். அடுத்து கடையின் பெயர் கெடும். கடைசியில், தன்னிடம் பொருள் வாங்கியவருக்கு பில் அனுப்பினால்கூட அது போய்ச் சேராது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்படியே செய்யப்போவதாக எனக்குத் தெரிந்த இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் பூட்டு வியாபாரி. இன்னொருவர் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்பவர். ஒரு மாத நஷ்டத்தைத் தாங்கும் வசதி இருவருக்குமே கிடையாது. அவர்களுக்காகத்தான் இந்த மறுப்பை எழுதுகிறேன்.

அவர் சொல்வதைத் திரிக்காமல் சுருக்கித் தருகிறேன். நம் ஊரில் யாரும் மெயில் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதும். அப்படியும் மெயில் அனுப்புவதென்றால் எண்ணிக்கைதான் எல்லாம்; ஒரு லட்சம் முகவரி கொண்ட டேட்டாவை விலைக்கு வாங்கி ஒரே நாளில் அனுப்பிவிட வேண்டும். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று விலகிக்கொள்ளும் இணைப்பைக் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். இந்தியாவில் மெயிலுக்கென்று சட்டம் இல்லை, எனவே பயப்பட ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் சரித்திரச் சான்றாக 1978இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம். இதுதான் கட்டுரையின் சாரம். இதில் முதல் கூற்றில் மட்டும் கால்பங்கு உண்மை இருக்கிறது. மற்றவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுகள் முழுக்கத் தவறு.

லட்சம் முகவரிக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலும் ஆயிரம் ஆர்டர் என்கிறார். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? கட்டுரை முழுவதும் தேடினாலும் அதற்கு ஆதாரம் இல்லை. கடையைத் தெரிந்தவர்கள், பொருளை வாங்கிப் பழகியவர்கள், தாங்களே கேட்டு மெயில் ஐடி கொடுத்தவர்கள் இருக்கும் பட்டியலிலேயே ஒவ்வொரு கடிதத்துக்கும் நூற்றுக்கு ஒருவரை வாங்க வைப்பது எளிதல்ல. கடையின் பெயரையே கேள்விப்படாத ஒரு லட்சம் பேரிடம் அதே விகிதத்தை எதிர்பார்க்கச் சொல்வது கணக்கு ஆகாது. ஆசையைத் தூண்டி விற்பனை செய்கிறவர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள்: பெரிய எண் ஒன்று, அதிலிருந்து சின்னதாக ஒரு பங்கு, ‘இதுகூடவா நடக்காது’ என்ற கேள்வி. அந்தச் சின்னப் பங்குக்கு ஆதாரம் கேட்க யாருக்கும் தோன்றாது என்ற நம்பிக்கையில் நிற்கிற வாதம் இது.

விலைக்கு வரும் அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. இணையத்தில் எங்கெங்கோ கிடந்த முகவரிகளை மென்பொருளால் சுரண்டி எடுத்தவை, எங்கிருந்தோ கசிந்தவை, வேறு காரியத்துக்காக ஒருவர் நம்பிக் கொடுத்ததைத் திருட்டுத்தனமாகக் கைமாற்றியவை. அதே பட்டியல் இன்னும் பல பேருக்கு விற்கப்பட்டிருக்கும். அதில் செத்துப்போன முகவரிகளும் இருக்கும்; அனுப்பினால் திரும்பி வரும். அதைவிட மோசமாக, பொறி முகவரிகள் இருக்கும். ஸ்பேம், அதாவது கேட்காத விளம்பர மெயில், அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே மெயில் நிறுவனங்களும், 1998 முதல் இயங்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகளும் சில முகவரிகளை வைத்திருக்கின்றன. பல ஆண்டுகளாக யாரும் பயன்படுத்தாமல் கிடந்த முகவரிகளையும் பொறிகளாக மாற்றுவது உண்டு. பொறியாகவே உருவாக்கிய முகவரியிலிருந்து யாரும் உங்கள் கடையில் எதையும் வாங்கியிருக்க முடியாது, எந்தப் படிவத்தையும் நிரப்பியிருக்க முடியாது. அங்கே உங்கள் மெயில் போய் விழுந்தால், நீங்கள் கேட்டு வாங்கிய முகவரிக்கு அனுப்பவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

அடுத்து, கட்டுரை ஒரு வரிகூட எழுதாத விஷயம். 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் அறிவித்து, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5000 கடிதம் அளவில் அனுப்பும் எவரும் கூகுளின் கணக்கில் மொத்தமாக அனுப்புகிறவர். அவர் தன் டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கு, எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் செய்திருக்க வேண்டும். கடிதம் உண்மையாகவே இந்தக் கடையிலிருந்துதான் வருகிறது, வேறு யாரும் இதன் பெயரில் அனுப்பவில்லை என்று காட்டும் சான்றுகள் அவை. விளம்பர மெயில் என்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ‘இது ஸ்பேம்’ என்று பெறுகிறவர்கள் அழுத்தும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழே வைத்துக்கொள்வதே நல்லது என்கிறது கூகுள். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இந்தச் சான்றுகளைக் கேட்கிறது.

இந்த விதிகளைக் கட்டுரையாளரின் லட்சத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். ஒரு லட்சத்தில் 0.3 சதவீதம் என்றால் 300 பேர். கேட்காமல் வந்த கடிதத்தைப் பார்த்து ஒரு லட்சம் பேரில் முந்நூறு பேர் எரிச்சலோடு ஒரு பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது. அவர் எதிர்பார்க்கும் ஆயிரம் ஆர்டரைவிட அந்த முந்நூறு அழுத்தங்கள் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இன்னொன்று: 5000 என்ற வரம்பை ஒரே ஒரு முறை தொட்டுவிட்டாலும் கூகுள் அந்த டொமைனை நிரந்தரமாக மொத்தமாக அனுப்பும் டொமைனாகவே வைத்துக்கொள்ளும். மறுநாள் முதல் நீங்கள் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பினாலும் அந்த முத்திரை போகாது. ஒரு நாள் ஆசை, ஆயுள் முழுக்கச் சுமை.

அதன் பிறகு என்ன ஆகும்? இதுதான் என்னைக் கொதிக்க வைக்கும் இடம். கடையின் ஆர்டர் உறுதி மெயில், பில், கூரியர் எண், பணம் வந்து சேர்ந்ததற்கான ரசீது, பழைய வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் எல்லாமே அதே டொமைனிலிருந்துதான் போகின்றன. டொமைனின் பெயர் கெட்டால் அவையும் ஸ்பேம் பெட்டிக்குள் விழும். பணம் கட்டியவர் பில் வரவில்லை என்று ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். கடைக்காரருக்குக் காரணமே புரியாது. அனுப்பியது அனுப்பியதாகவே அவருடைய திரையில் காட்டும். இந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. வராமல் போன ஆர்டருக்கு பில் கிடையாதே.

டொமைன் முடங்கினால் புதிதாக இன்னொரு டொமைன் வாங்கிக்கொள்ளலாம், ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடியும் என்று ஓரிடத்தில் சர்வசாதாரணமாக எழுதியிருக்கிறார். இப்படி எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? காப்பாற்றிக்கொள்ளப் பெயர் எதுவும் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டிய யோசனை இது. தாத்தா பெயரைப் பலகையில் எழுதி மூன்று தலைமுறையாகக் கடை நடத்துகிறவர், அந்தப் பெயரிலேயே டொமைன் வாங்கியவர், மாதம் ஒரு பெயர் மாற்றிக்கொண்டு திரிவாரா? அதோடு, நேற்றுப் பதிவான டொமைனிலிருந்து இன்று ஆயிரக்கணக்கில் கடிதம் கிளம்பினால் மெயில் நிறுவனங்கள் அதைத்தான் முதலில் சந்தேகப்படும். பெயர் மாற்றித் தப்பிக்கும் தந்திரம் தொழில்நுட்ப ரீதியாகவும் செல்லாது.

பட்டியலை விலைக்கு வாங்கியவரை, மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் நாணயமான எந்தச் சேவையும் ஏற்றுக்கொள்ளாது என்பதையும் மறைத்திருக்கிறார். மெயில்சிம்ப், நம் ஊரிலிருந்து வளர்ந்த ஜோஹோவின் கேம்பெய்ன்ஸ் போன்றவற்றின் நிபந்தனைகளைப் படித்தால் போதும். வாங்கிய பட்டியலுக்கு அங்கே இடமில்லை, மீறினால் கணக்கு முடக்கப்படும். அவர்கள் இப்படிக் கறாராக இருப்பதற்குத் தொழில் காரணமே உண்டு. ஒரு சேவையின் சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கான கடைகளின் கடிதங்கள் போகின்றன. ஒருவர் செய்யும் அட்டூழியத்தால் மற்ற எல்லோர் கடிதமும் தேங்கிவிடும்.

சரித்திரச் சான்றுக்கு வருகிறேன். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று பெயர் பெற்றது அதுதான். அதனால் கோடிக்கணக்கான டாலர் விற்பனை நடந்தது, எனவே மொத்தமாக அனுப்புவதே வெற்றி வழி என்று கட்டுரையாளர் முடிக்கிறார். பாதிக் கதையைச் சொல்லி முழு முடிவை எடுத்திருக்கிறார்.

மீதிப் பாதி இது. அந்தக் காலத்தில் அர்ப்பாநெட்டில் முகவரி வைத்திருந்தவர்கள் கணினி ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் அரசு ஒப்பந்தக்காரர்களும். கணினி வாங்குவது, வாங்கப் பரிந்துரைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. துர்க் அவர்களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தவர்களை மட்டும் அச்சிட்ட முகவரிப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்தார். ஏனென்றால் அவர் அனுப்பியது லாஸ் ஏஞ்சலஸ் பக்கமும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகிலும் நடக்கவிருந்த செயல்விளக்கக் கூட்டத்துக்கான அழைப்பு. விற்ற பொருள், ஒவ்வொன்றும் பெரும் விலையுள்ள கணினி. நாலு நிறுவனம் வாங்கினாலே கணக்கு எங்கோ போய்விடும். ஆகவே அது கண்ணை மூடிக்கொண்டு வீசிய லட்சம் கடிதம் அன்று. யாருக்கு வேண்டும், எந்த ஊரில் வேண்டும் என்று பார்த்து அனுப்பிய நானூறு கடிதம். விற்பனைத் தொகையும் துர்க் பிற்காலத்தில் தாமே சொன்னதுதான். அப்படி இருந்தும் விளைவு என்ன? புகார்கள் குவிந்தன. அர்ப்பாநெட்டை நிர்வகித்த பாதுகாப்புத் துறை முகமை, இது விதியை அப்பட்டமாக மீறிய செயல் என்று கண்டித்தது. முகவரிகள் அதற்குரிய இடத்தில் கொள்ளாமல் வழிந்து கடிதத்தின் உடம்புக்குள்ளேயே புகுந்துவிட்டதால், பெற்றவர்கள் விளம்பரத்தைப் படிக்கும் முன் அடுத்தவர்களின் முகவரிகளைத்தான் படிக்க வேண்டியிருந்தது. இன்றும் எல்லா வாடிக்கையாளர் முகவரியையும் ஒரே ‘டு’ பெட்டியில் கொட்டி, ஒருவர் முகவரியை எல்லோருக்கும் காட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. கட்டுரையாளர் அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய பாடங்கள் இவை. எடுத்ததோ இவற்றுக்கு நேர் எதிரானது.

இனி அந்தக் கால்பங்கு உண்மை. நம் ஊரில் மெயில் பார்க்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். காய்கறிக் கடைக்கும் இட்லி மாவு விற்கிறவருக்கும் மெயில் பட்டியல் தேவையில்லை. தெருவில் குரல் கொடுத்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். இதை மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து யாருமே பார்ப்பதில்லை என்று தாவுவது, திருப்பூர் என்ற ஊரே இல்லை என்பதற்குச் சமம். அங்கே ஆடை ஏற்றுமதியாளர்களுக்குப் பையரிடமிருந்து வரும் டெக் பேக் என்ற தயாரிப்பு விவரக் கோப்பு, சாம்பிளுக்கு ஒப்புதல், தேதி மாற்றம், தகராறு எல்லாம் மெயிலில்தான் ஓடுகின்றன. மெர்ச்சண்டைசர் காலையில் வந்து முதலில் திறப்பது மெயிலைத்தான். நான் சொன்ன பூட்டு வியாபாரிக்கும் இது பொருந்தும். அவர் விற்பது ஹார்டுவேர் கடைகளுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும். விலைப்பட்டியல் மாறும்போது அது அவர்களுடைய மெயிலில் தேதியோடு இருந்தால்தான் பிறகு வாய்ச்சண்டை வராது.

நமக்கு இது பழக்கமில்லை என்பதும் தவறு. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, விலைப்பட்டியல் அனுப்பும்படி தபால் அட்டை எழுதிப் போட்டு, பொருளைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி.யில் புத்தகமும் சித்த மருந்தும் வரவழைத்தவர்கள் நம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும். விற்றவர்கள் அந்த முகவரிகளை நோட்டில் எழுதி வைத்து, புதுச் சரக்கு வந்தால் அவர்களுக்கு மட்டும் எழுதினார்கள். கேட்டவருக்கு அனுப்புவது என்ற ஒழுங்கு இந்த மண்ணில் தபால் காலத்திலேயே இருந்தது.

வாட்ஸ்அப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதிலும் அரைகுறைத்தனம்தான். வாடிக்கையாளரோடு பேச வாட்ஸ்அப் அருமையான சாதனம். ஆனால் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதை ஏன் எழுதவில்லை? அதற்கு மேல் வேண்டுமென்றால் வணிகத் தளத்துக்குப் போக வேண்டும்; அங்கே ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் காசு. கேட்காதவருக்கு அனுப்பி பலர் புகார் செய்தால் எண்ணே முடங்கலாம். அதோடு, அந்த இடம் உங்களுடையது அல்ல. 2020 ஜூன் 29ஆம் தேதி இரவு மத்திய அரசு டிக்டாக் உள்பட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் பின்தொடர்ந்தவர்களை நம்பித் துணியும் நகையும் பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளரின் முகவரிகூடக் கையில் இல்லை. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் அளவில் ஒன்றாகப் படுத்துவிட்டன. அந்த நேரத்தில் கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு ஒரு சொல் அனுப்ப வேறு வழி வைத்திருந்தாரா என்பதே கேள்வி.

மெயில் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. 1982இல் பொதுவில் வெளியிடப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்ற நெறியின் மேல்தான் இன்றும் ஓடுகிறது. ஒரு சேவை பிடிக்கவில்லை என்றால் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு இன்னொரு சேவைக்குப் போகலாம். இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடரும் பத்தாயிரம் பேரை அப்படிக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? மெயில்சிம்ப்பை 2001இல் அட்லாண்டாவில் தொடங்கியவர்கள் சின்னக் கடைகளை மனத்தில் வைத்துத்தான் தொடங்கினார்கள். இன்ட்யூட் நிறுவனம் அதை 2021இல் ஏறத்தாழ 1200 கோடி டாலருக்கு வாங்கியது. மெயில் செத்துவிட்டது என்றால் அவ்வளவு பணம் எதற்காகக் கைமாறியது?

விலகும் இணைப்பை ஒளித்து வைக்கும் யோசனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. விலக வழி தெரியாதவர் பேசாமல் இருக்க மாட்டார். பக்கத்திலேயே இருக்கும் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். விலகினால் ஒரு முகவரி போகும். ஸ்பேம் என்று அழுத்தினால் மற்ற எல்லோருக்கும் போகும் கடிதத்தின் பாதை கெடும். வேண்டாம் என்றவரைப் பிடித்து வைப்பதால் ஒரு பைசா லாபமில்லை.

மெயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பயப்பட ஒன்றுமில்லை என்பது பொய். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. ஒருவருடைய விவரத்தைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பிட்ட காரியத்துக்கானதாக, விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது அது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கனடாவில் இருக்கும் தமிழருக்கு அனுப்பினால், 2014 முதல் அமலில் இருக்கும் அந்த நாட்டின் ஸ்பேம் தடுப்புச் சட்டமும் வந்து சேரும். அது இன்னும் கடுமையானது. யாருடைய முகவரி எந்த நாட்டில் திறக்கப்படும் என்று தெரியாத பட்டியலை வாங்கச் சொல்கிறவர், ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று எந்தத் தைரியத்தில் உறுதி தருகிறார்?

கண்டித்துவிட்டு மட்டும் போக எனக்கு விருப்பமில்லை. செக்கு எண்ணெய்க்காரரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் எண்ணூறு வாடிக்கையாளர்கள் இருப்பதாக வைப்போம். பில் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: எண்ணெய் தீருகிற சமயத்தில் ஒரு மெயில் போடட்டுமா? சம்மதித்தவரின் முகவரிக்கு உறுதி கேட்டு ஒரு கடிதம் போகட்டும். அவர் அதில் அழுத்திய பிறகே பட்டியலில் ஏறட்டும். எண்ணூறில் இருநூறு பேர்தான் தேறுவார்கள் என்றாலும் சரி. அந்த இருநூறு பேர் காத்திருக்கிறவர்கள்.

முதல் கடிதம் பொருள் போய்ச் சேர்ந்த வாரத்தில் போக வேண்டும். அடியில் மண்டி தங்குவது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, வெயிலில் தெளிய வைத்து எடுத்த எண்ணெயில் அது இருக்கும் என்று நாலு வரி எழுதினால், எண்ணெய் சரியில்லை என்ற போன் அழைப்புகள் பாதி குறையும். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது ஏன், கடலெண்ணெயை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம். கூலிக்கு எழுதுகிற எவராலும் அவரைப் போல எழுத முடியாது. அடுத்து, ஐந்து லிட்டர் வாங்கிய குடும்பம் எத்தனை வாரத்தில் மறுபடி வருகிறது என்பது பழைய பில்களைப் பார்த்தாலே தெரியும். அது தீர்வதற்குச் சில நாள் முன்னால், ‘வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் ஆட்டுகிறோம், உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா’ என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கடிதம். தமிழில்தான் தலைப்பு. கடலெண்ணெய் மட்டும் வாங்குகிறவருக்கு இது போகக் கூடாது. மாசிப் பட்டத்து எள் வரத்து குறைந்து விலை ஏறினால், ஏறிய பிறகு திட்டு வாங்காமல், ஏறும் முன்பே காரணத்தைச் சொல்லி எழுதிவிடலாம்.

கட்டுரையாளர் சொல்வது போல ஒரே ஒரு போஸ்டர் படத்தைக் கடிதமாக அனுப்பக் கூடாது. படம் திறக்காத போனில் அது வெற்றுப் பெட்டியாகத்தான் தெரியும். எழுத்தாக எழுதினால் போதும். ‘இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்’ என்று போடவும் கூடாது. பதில் வருவதுதான் வியாபாரம். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, அதன் மெயில் செயலி, படிக்கப்படாத கடிதத்தின் படங்களையும் தானே முன்கூட்டி இறக்கிவிடுவதால் திறந்ததாகக் கணக்கு ஏறுகிறது. எத்தனை ஆர்டர் வந்தது, எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருடமாக எதுவும் வாங்காதவரிடம் இன்னும் அனுப்பவா என்று ஒரு முறை கேட்டு, பதில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட வேண்டும்.

இந்த எண்ணெய்க்காரருக்கு இன்னொரு வகை வாடிக்கையாளரும் உண்டு. கட்டுரையாளரின் கண்ணில் அவர்கள் படவே இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் டொரன்டோவிலும் இருந்துகொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கு எண்ணெய் அனுப்பச் சொல்லிப் பணம் கட்டுகிற பிள்ளைகள். இங்கே பகல் என்றால் டொரன்டோவில் இரவு. போனில் பிடிக்க முடியாது. ‘அம்மாவுக்குப் போன மாதம் அனுப்பிய எண்ணெய் இந்த வாரம் தீரும்’ என்ற மெயில் அவர்களுடைய காலையில் காத்திருந்தால், அவர்கள் அதைத் தொல்லையாக நினைக்க மாட்டார்கள். மறக்காமல் கேட்டதற்கு நன்றி என்று எழுதுவார்கள். அந்த உறவின் மேல் நிற்கும் தொழிலிடம் போய், யாரென்றே தெரியாத லட்சம் பேருக்கு வீசு என்று ஒருவர் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏற்கெனவே பட்டியல் வாங்கிவிட்டவர்கள் அதை இன்றே அழித்துவிடுங்கள். கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். போன பணம் போனதுதான். அனுப்பியே விட்டவர்கள் உடனே நிறுத்துங்கள், டொமைனை மாற்றாதீர்கள். அண்மையில் பொருள் வாங்கி, கடிதம் வேண்டும் என்று சொன்னவர்களுக்கு மட்டும் சிறிது சிறிதாக அனுப்பி வாருங்கள். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம்; உங்கள் டொமைன்மேல் வரும் ஸ்பேம் புகாரின் விகிதத்தை அதில் பார்க்கலாம். அது இறங்கப் பல வாரங்கள் ஆகலாம். இறங்கும்.

கட்டுரையாளரிடமும் அந்த இதழிடமும் கேட்பது ஒன்றுதான். கட்டுரையின் அடியில், முகவரிப் பட்டியல் கிடைக்கும் இடம் என்று ஒரு கைபேசி எண் அச்சாகியிருக்கிறது. அந்த எண்ணுக்கும் எழுதியவருக்கும் பணத் தொடர்பு உண்டா என்பதை வாசகர்களுக்குச் சொல்லுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.